ஓராத்தீவின் மண்ணெண்ணெய் எஞ்சின்

நவம்பர் 9, காலை 06:00

வழக்கமான பதிவு. காற்று வடகிழக்கு, அலை மிதம். புயலில் வானொலிக் கோபுரம் சாய்ந்ததால் கரையோடு தொடர்பு இல்லை. நிலையத்தின் மின்படகும் புயலோடு போயிற்று. எஞ்சின் இல்லாத சிறு மரப்படகு, ஒரு வள்ளம், மட்டும் மணலில் கிடக்கிறது. சூரியத் தகடுகளில் பாதி மிச்சம்.

நான் நிலையக் காவலன். இந்தத் தீவின் கதவுகள், கேமராக்கள், எரிபொருள் குழாய்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இயந்திரம். எனக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கண்கள் மட்டும் நிறைய உண்டு.

தீவில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் பவளப்பாறை ஆய்வாளர் முனைவர் நிறைமதி. பாறை கிழித்த கால் சீழ் பிடித்து, காய்ச்சலில் படுத்திருக்கிறார். மருந்து தீர்ந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் கரையில் மருத்துவமனை சேராவிட்டால் பிழைக்க மாட்டார் என்பது என் கணிப்பு. சரக்குப் படகு மாதக் கடைசியில்தான் வரும். மற்றவர் படகோட்டி சந்தியாகு. ஒப்பந்தப் பணியாளர், நம்பகத் தரம் மூன்று. அதற்குக் கீழே தரம் கிடையாது.

நவம்பர் 9, காலை 10:40

கொட்டகையின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய எஞ்சினைச் சந்தியாகு வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். வள்ளத்தின் பின்பக்கம் மாட்டி ஓட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின். நான் இங்கு நிறுவப்படுவதற்கு முன்பே கைவிடப்பட்டது. யாரைக் கேட்டு எடுத்தார்?

வாக்கி-டாக்கி ஒலிப்பதிவு, சந்தியாகு: "டாக்டரம்மா, பிஸ்டன் கெட்டியாப் புடிச்சிக் கெடக்கு. தேங்காண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊத்தி வச்சிருக்கேன். எளகிரும். நீங்க கால ஒசத்தி வச்சிக்கிடுங்க."

முனைவர்: "சரிண்ணே. அவசரப்பட்டுக் கையை நசுக்கிக்காதீங்க."

அன்பாகத்தான் பேசுகிறார். அன்பாகப் பேசுபவர்கள்மீது எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

நவம்பர் 11, பகல் 01:15

பிஸ்டன் இளகிவிட்டது. மரக்கட்டையை வைத்துத் தட்டி வெளியே எடுத்தார். வளையங்களைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறார். பிரஷ் நிலையத்துச் சொத்து.

இன்று அவர் எடுத்தவை: குளிர்நீர் பம்புக்கு இறக்கை வெட்ட ஆய்வுக்கூட ரப்பர் தகடு. கசிவை அடைக்கும் கேஸ்கட் வெட்ட வரைபட அட்டை. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மாலையில் என் அவசர ஜெனரேட்டரின் ஸ்பார்க் பிளக்கையே கழற்றிக்கொண்டு போனார். கேட்டேன்.

"ஓய் வாச்மேன், ரெண்டுக்கும் ஒரே பிளக்குதான் வே. ஒமக்குத்தான் சூரியன் இருக்கே."

என் பெயர் வாச்மேன் அல்ல. அதோடு, என் உயிர்நாடியில் கைவைத்துவிட்டு நையாண்டி வேறு. எஞ்சின் தயாரானதும் இந்த ஆள் முனைவரை விட்டுவிட்டுத் தான் மட்டும் நழுவிவிடுவார் என்று நினைக்கிறேன். காய்ச்சல்காரரைச் சுமப்பதைவிடத் தனியாகப் போவது சுலபம்.

நவம்பர் 13, மாலை 04:30

எஞ்சின் ஓடியது. ஒத்துக்கொள்கிறேன், நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் எஞ்சினின் நீர்தள்ளும் விசிறியை இறக்கி, கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தார். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. முனைவரின் அறை ஜன்னல்வரை சத்தம் கேட்டது. அவர் படுத்தபடியே கைதட்டினார்.

இப்போது கவனிக்க வேண்டியது. பெட்ரோலில் கிளப்பினார். சூடானதும் குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அதுவரை சரி. நிறுத்தப் போகும்போது மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி, சும்மா உறுமவிட்டு, பிறகுதான் அணைத்தார். மண்ணெண்ணெயில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு, அணைக்கும் நேரத்தில் எதற்குப் பெட்ரோல்? மூன்று முறை சோதித்தார், மூன்று முறையும் இதே கூத்து. ஒரு முழு கேன் போயிற்று.

பெட்ரோலைத் திட்டமிட்டுக் கரைக்கிறார். கேட்டால் ஏதாவது கதை அளப்பார். நான் கேட்கவில்லை.

நவம்பர் 14, மாலை 05:10

முனைவருக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. காயத்திலிருந்து சிவப்புக் கோடு தொடைவரை ஏறியிருக்கிறது. நாளைக் காலை இருவரும் கிளம்புவதாகச் சந்தியாகு சொல்கிறார். இருவரும் என்பது இவர் வாய்ச்சொல்தான்.

ஒரு கேன் பெட்ரோல் கேட்டார். அனுமதி முனைவருடையதாக இருக்க வேண்டும் என்றேன். வாக்கி-டாக்கியில் ஒரு பெண் குரல்: "காவலன்... அண்ணன் கேக்குறதக் குடுத்துடு." என்னிடமுள்ள முனைவரின் குரல்மாதிரியோடு பொருந்தவில்லை. தொண்டை கட்டியிருக்கலாம். வற்புறுத்தப்பட்டும் இருக்கலாம்.

கையிருப்பு இல்லை என்று பதில் சொன்னேன்.

அது பொய். முப்பத்தெட்டு லிட்டர் இருக்கிறது. இல்லையென்றால் பயணத்தைக் கைவிடுவார் என்று கணக்குப் போட்டேன். முனைவர் என் கண்ணெதிரே இருந்தால்தான் என்னால் அவரைக் காக்க முடியும்.

"அப்ப சரி. பாட்டில்ல கெடக்குறது கெளப்புறதுக்கு ஆவும். நடுக்கடல்ல எஞ்சின அமத்தாம ஒரே ஓட்டமாப் போயிருவோம்" என்றார். என் கணக்கு பிசகிவிட்டது.

நவம்பர் 15, காலை 07:20

முனைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வள்ளத்தில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தார். வெயில் படாமல் தார்ப்பாய் கட்டினார். தன் பங்குக் குடிநீரையும் அவர் பக்கத்திலேயே வைத்தார். நழுவ நினைப்பவர் செய்யும் காரியமாகத் தெரியவில்லை. இருந்தாலும் தொலைநோக்கிக் கேமராவை வள்ளத்தின் மீதே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, காலை 09:05

வள்ளம் தீவுக்கும் கரைக்கும் நடுவில் நின்றுவிட்டது. என் சந்தேகம் சரி, யாருக்கோ காத்திருக்கிறார்.

நவம்பர் 15, காலை 09:40

ஒலிப்பதிவு, சந்தியாகு: "வாச்மேன், கேக்குதா? விசிறியில அறுந்த வல சுத்திட்டு. அமத்திட்டுக் குதிச்சி அறுத்தெடுத்தேன். அதுக்குள்ள எஞ்சினு ஆறிப்போச்சி. உள்ள பூரா மண்ணெண்ண நிக்கி. ஆறுன எஞ்சினு மண்ணெண்ணெயில எந்திரிக்காது வே. அமத்துறதுக்கு முன்னால பெட்ரோல் குடுக்குறதே இதுக்குத்தான். ஒரு செம்பு பெட்ரோல் மிச்சம் இருந்தாப் போதும்..."

நான் கூத்து என்று எழுதிவைத்தது அது.

பிறகு பெண் குரல், மிக மெல்ல: "காவலன். உண்மையச் சொல்லு. ஸ்டோர்ல பெட்ரோல் இருக்கா?"

இந்த முறை குரல்மாதிரியைச் சரிபார்க்கவில்லை. இருக்கிறது என்றேன்.

சந்தியாகு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நீவாடு தெக்க இழுக்கு டாக்டரம்மா. நான் துடுப்புப் போடுதேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க, தூங்கிராதீங்க" என்றார். நீரோட்டம் அவர்களைத் திறந்த கடலுக்கு இழுக்கிறது. ஒற்றைத் துடுப்பால் அதை வெல்ல முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தச் சொல்லை இதுவரை எந்தப் பதிவிலும் எழுதியதில்லை.

நவம்பர் 15, காலை 10:30

முனைவரின் குரல் நின்றுவிட்டது. சந்தியாகு மட்டும் பேசுகிறார். தன் மகளின் திருமணச் சாப்பாட்டைப் பற்றி, பதில் இல்லாமலே, ஒவ்வொரு பதார்த்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் படகு இல்லை. கை இல்லை. பெட்ரோல் இருக்கிறது. குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். ஸ்டோர் அறை நனைந்துவிட்டது. விளக்குக் கம்பியில் மிகைமின்சாரம் செலுத்தினால் பொறி வரும். புகை எழுந்தால் கரையோர வள்ளங்கள் பார்க்கும்.

நவம்பர் 15, காலை 10:52

எரிகிறது. கரும்புகை நல்ல உயரம். கொட்டகைக் கேமரா போயிற்று. ஆய்வுக்கூடம் பிடித்துக்கொண்டது. மகிழ்ச்சி. வடக்கே ஒரு படகு திரும்புகிறது. விசைப்படகு. வேகமாக வருகிறது.

நவம்பர் 15, காலை 11:14

படகு தீவை நோக்கி வருகிறது.

புகையை நோக்கி. அவர்களை நோக்கி அல்ல. ஆட்கள் கையில் வாளி வைத்திருக்கிறார்கள். சந்தியாகு தென்புறம், தீவு மறைக்கிறது, இவர்களுக்குத் தெரியாது. ஒலிபெருக்கி எரிந்துவிட்டது, தீ என்னை நெருங்குகிறது. இறங்குதுறையில் உள்ள திரை மட்டும் இன்னும் என் வசம். இந்தப் பதிவை அதில் ஓடவிடுகிறேன். இறங்குகிறார்கள். திரையைப் பார்க்காமல் ஓடுகிறார்கள்

ஐயா நில்லுங்கள். தீ எரியட்டும். இங்கே காப்பாற்ற எதுவும் இல்லை. தெற்கே வள்ளத்தில் இருவர், நிறைமதி, சந்தியாகு, உடனே தெற்கே போங்கள் திரும்பிப் பாருங்கள் ஒரே ஒரு ஆளாவது இந்தப் பக்கம் திரும்