சேலைகளுக்கு அடியில் கண்ணாடி

வைகாசி 12, திங்கள்.

கண்ணுக்குள் மணலாய் உறுத்துகிறது. கர்ப்பத்தில் கண் வறளும், பிரசவம்வரை லென்ஸைத் தொடாதே, கண்ணாடி போடு என்று அருப்புக்கோட்டை டாக்டரம்மா சொல்லி ஒரு வாரமாகிறது. இன்றும் லென்ஸோடுதான் நடமாடினேன். கண்ணாடி பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று அம்மா ஒளித்தது, கல்யாணமாகி இங்கு வந்தும் ஒளிந்தே இருக்கிறது. எனக்குப் பார்வை குறைவென்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மஸ்கட்டில் இருக்கும் இவருக்கும்கூட.

சாயங்காலம் என் சிவந்த கண்ணைப் பார்த்து மாமியார் விளக்கெண்ணெயோடு வந்துவிட்டார்.

“தலையச் சாச்சுக்கோ தாயி, ரெண்டு சொட்டு விட்டாக் குளுந்துரும்.”

“வேண்டாம் அத்தை” என்று பதறி விலகினேன். அவர் கோபப்படவில்லை. என் கன்னத்தைத் தடவினார்.

“பிள்ளைக்கு ஒன் கண்ணுதேன் வரணும்னு வேண்டியிருக்கேன்.”

அதற்கும் வேண்டாம் அத்தை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.