மிசின் மேல் போட்ட பழி

இன்று காலை மதுரை ஜங்ஷனில் உங்களை எக்ஸ்ரே மிசினுக்குள் அனுப்பினேன். ராமேஸ்வரம் வண்டிக்கு நேரம் இருந்தது. உங்கள் சாம்பல் இருந்த கலயத்தை வெள்ளைத் துணியால் வாய்கட்டி மஞ்சள் பையில் வைத்திருந்தேன். உங்கள் தம்பி மகன் முருகேசன் பையை வாங்கி மிசினில் ஓடுகிற பெல்ட்டின் மேல் வைத்தான். கறுப்பு ரப்பர் கீற்றுகள் விலகிப் பையை உள்ளே வாங்கிக்கொண்டு திரும்பத் தொங்கின. அந்தக் கீற்றுக்குள் கதிரைத் தடுக்கிற ஈயம் இருப்பது அங்கே நின்ற கூட்டத்தில் எனக்குத்தான் தெரிந்திருக்கும். அழுகை வரவில்லை. நீங்கள் போன நாளிலிருந்தே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடக்கிறது மனசு.

மிசினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரப் பெண், கீற்று விலகும்போதெல்லாம் ஸ்டூலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எண்பதுகளில் நாம் பழங்காநத்தத்தில் குடியிருந்த காலம் நினைவுக்கு வந்தது.

விளாங்குடி தாண்டி ஒரு பவுண்டரியில் உங்களுக்கு வேலை. இரும்பை உருக்கி ஊற்றிச் செய்த வால்வுக்குள் காற்றுக்குமிழி நிற்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். “இரும்புக்குமா ஆஸ்பத்திரி?” என்று கேலி செய்தேன். முதலில் அந்த மிசினின் வாய் ஒரே அளவுதான். சின்ன வால்வை வைத்தால் சுற்றிலும் கிடக்கிற இடைவெளியில் கதிர் கசியும் என்று, சுவருக்குப் பின்னால் போய் நின்றுதான் சுவிட்சைப் போடுவீர்கள். பிறகு ஏற்றி இறக்குகிற ஈயத்தகடுகள் வந்தன. பெரிய வால்வுக்கு ஏற்றி, சின்னதுக்கு இறக்கி, ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தைச் சுற்றி நெருக்கி அடைக்க வேண்டும். “சட்டிக்குத் தக்கன மூடி. அம்புட்டுதான்” என்பீர்கள். கதிர் பட்டிருக்கிறதா என்று பார்க்க, சட்டையில் ஒரு சின்ன வில்லை குத்தியிருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் நின்ற காலத்திலும் சரி, தகடு வந்த பிறகும் சரி, சோதனைக்குப் போன வில்லை சுத்தமாகவே திரும்பி வந்தது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வந்து என்னிடம் சொல்வீர்கள்.

நமக்குத்தான் பிள்ளை இல்லை. “பட்ட மரத்துக்கு எம்புட்டு நாளு தண்ணி ஊத்துறது? வேற பொண்ணு பாக்க வேண்டியதுதான்” என்று உங்கள் அம்மா என் காதுபடவே பேச ஆரம்பித்தார்கள். சிம்மக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் இருவரும் போனோம். குறை என்னிடம்தான் என்று அந்தம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரத்தை எனக்குக் கொடுத்தீர்கள். பொட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள்: “ஆத்தா, கொறை என்கிட்டதான். அந்த மிசின் வேலை. இனிமே அவளை ஒண்ணும் பேசாத.”

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? உங்களோடு வேலை பார்த்த செல்வத்துக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. மிசின்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று பெண்ணின் தகப்பன் சொல்லிவிட்டார். செல்வம் வீட்டுக்கு வந்து, “அண்ணே, தகடு இறக்குறதே நீங்கதான. கதிர் கசியுதுன்னு நீங்களே சொன்னா நான் எங்கிட்டுப் போறது?” என்று கேட்டான். காப்பியை ஆறவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான் பாவம்.

ஆயுத பூசைக்கு வீட்டு ஆட்களையும் பவுண்டரிக்குள் விடுவார்கள். செல்வம் அந்தப் பெண்ணின் தகப்பனைக் கூட்டி வந்திருந்தான். சந்தனமும் குங்குமமும் வைத்த மிசின் முன்னால் நானும் உங்கள் அம்மாவும் நின்றோம். நீங்கள் ஒரு சின்ன வால்வை வைத்து, தகடுகளை இறக்கி மிசினை ஓட்டினீர்கள். கதிர் வந்தால் முள் ஏறுகிற மீட்டரைத் தகட்டோரமாகப் பிடித்துக் காட்டினீர்கள். முள் அசையவில்லை. மிசினில் ஒன்றுமில்லை என்றால், அடுத்து உங்கள் அம்மா திரும்பிப் பார்க்கப்போவது என்னைத்தான்.

“அப்புறம் ஒங்களுக்கு மட்டும் எப்படி?” என்றார் அந்தத் தகப்பன்.

“இந்தத் தகடு வந்த பெறகு ஒரு பயமும் இல்லைங்க. அதுக்கு முன்னாடி இதுல நின்னது நான் ஒருத்தன்தான். செல்வம் தகடு வந்த பெறகு வந்தவன்” என்றீர்கள்.

செல்வத்துக்குக் கல்யாணம் நடந்தது. நானும் உங்கள் வீட்டிலேயே இருந்தேன். ஆனால் அங்கே மேனேஜரும் நின்றிருந்தார். வெளியாட்கள் முன்னால் கம்பெனியின் பழைய மிசினைக் குறை சொன்னீர்கள் என்று உங்களை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ரிட்டையர் ஆகும்வரை போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தீர்கள். அந்த மிசின் அறைப் பக்கமே நீங்கள் போவதில்லை என்று செல்வம் சொன்னான். வீட்டில் நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் சாவு வீட்டில்கூட, “கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாம பண்ணிருச்சே அந்தப் பாழாப்போன மிசினு” என்று ஒப்பாரி வைத்தார்கள். சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜங்ஷனில் பை வெளியே வந்தது. “பானைக்குள்ள என்னம்மா?” என்றாள் போலீஸ்காரப் பெண்.

“என் வீட்டுக்காரர்” என்றேன். அவள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

“ஏந்தாயி ஸ்டூல இழுத்து இழுத்துப் போடுற?” என்று கேட்டேன்.

“இப்பத்தாம்மா கல்யாணமாச்சு. இதுகிட்ட உக்காந்தா பிள்ளை தங்காதுன்னு எங்க அத்தை சொல்லுது.”

முருகேசன் என்னைப் பார்த்தான். நம் வீட்டுக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைதானே.

“கீத்து கிழியாம தொங்குனா ஒண்ணும் பண்ணாது. இவரு வருசக்கணக்கா இந்த மாதிரி மிசின்லதான் நின்னாரு.”

“ஒங்களுக்குப் பிள்ளைங்க?”

“இல்லை. கொறை என்கிட்ட. மிசின்லயும் இல்ல, இவருகிட்டயும் இல்ல.”

முருகேசன் பிளாட்பாரம் வந்த பிறகு, “பையக் குடுங்க பெரியம்மா, நான் தூக்கிட்டு வாரேன்” என்றான்.

“வேணாம்ப்பா. இம்புட்டு நாளும் அவருதான் தூக்குனாரு” என்றேன்.

வண்டி மானாமதுரை தாண்டிவிட்டது. கலயம் என் மடியில் இருக்கிறது.