குடை பிடித்தவரின் பெயர்

மாமா,

உங்கள் கறுப்புக் குடை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஓசூரில் இன்று மழை இல்லை. ஆனாலும் குடைக்கு வேலை இருந்தது. துருவும் பழைய துணியும் கலந்த அதன் வாடை கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் கல்யாண மண்டபத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் தாத்தா விடுதி கட்டிக் கொடுத்தார் அல்லவா, அந்தக் காலத்துப் படங்கள். நீங்கள் எங்களைவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. படத்திலாவது பார்க்கலாம் என்று நேற்று அம்மாவும் நானும் போனோம். பார்த்தோம். விடுதித் திறப்பு விழா, நடுவில் தாத்தா, பக்கத்தில் குடையோடு நீங்கள். கீழே அச்சடித்திருந்தது: 'ஐயா அவர்கள், குடை பிடிக்கும் பணியாளுடன்.'

அம்மா முந்தானையால் படத்தின் கண்ணாடியில் தன் தம்பியின் முகத்தை மட்டும் துடைத்தாள். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. வரலாறு படித்த மனுஷனை வரலாற்றிலேயே வேலைக்காரன் ஆக்கிவிட்டார்களே! வெறுங்கால், கசங்கின சட்டை, கையில் குடை. அவ்வளவுதான், மேற்கொண்டு விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட அங்கே பெயர் இருந்தது மாமா.

வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து அந்தக் குடைக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! போட்டோவுக்குக் குடும்பத்தார் மட்டும் நிற்கட்டும், மாணவர்கள் விலகுங்கள் என்றார்களாம். நாலு தூறல் விழுந்ததாம். நீங்கள் குடையை விரித்துக்கொண்டு நேரே தாத்தா பக்கத்தில் போய் நின்றுவிட்டீர்கள்.

"மழைக்கா புடிச்சேன்? போட்டோவுக்குப் புடிச்சேன்டா மாப்ளே" என்று கண்ணடிப்பீர்கள். "அந்த பில்டிங்ல இருக்கப்போறவன் நானு. நான் இல்லாம என்னா போட்டோ?"

இன்று காலையில் தனியாகப் போனேன். அந்தப் படத்தடியில் நின்று குடையை விரித்தேன். காவலாளி ஓடிவந்து, "பேடப்பா, வேணாம்ப்பா, மடக்குப்பா" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார். பெரிய வீட்டுப் பேரன் வந்தார்.

"என்னாப்பா, உள்ளாற மழையா பெய்யுது?"

"இல்லீங்கண்ணா. பணியாள் பரம்பரை. டூட்டிக்கு வந்துட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உங்கள் பீரோவிலிருந்த அதே படத்தின் பிரதியைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் உங்கள் கையெழுத்தில் பெயர், எம்.ஏ. வரலாறு, அறை எண்கூட. வாசித்துவிட்டு, "மாத்திடலாம் தம்பி" என்றார்.

சாயங்காலம் மாற்றியும்விட்டார்கள். 'குடை பிடிக்கும் மாணவருடன்.'

பெயர் இல்லை மாமா! கேட்டால், "லைன் பத்தல தம்பி" என்கிறார். தாத்தாவின் பட்டங்களுக்கு மூன்று லைன் பத்தியிருக்கிறது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உண்டு, என் டூட்டியும் அதுவரைக்கும் உண்டு. குடைத்துணியில் வெள்ளைப் பெயிண்டால் உங்கள் பெயரை முழுசாக, எம்.ஏ.வோடு எழுதிக் காயவைத்திருக்கிறேன். அம்மா பார்த்தாள், திட்டவில்லை, ஓர் எழுத்து கோணல் என்று மட்டும் சொன்னாள். நாளையும் சுள்ளென்று வெயிலடிக்கும் போலிருக்கிறது.

அடிக்கட்டும். மழைக்கா பிடிக்கிறேன்?