அரிசோனாப் பயணத்துக்கு நான் சொன்ன சாட்டுகள்

ஓல்டன்,
சுவிஸ்.
யூன் மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன் றொபின்சனுக்கு,

மடு மாதாவின் தயவால் அப்பாவும் நானும் இங்கே இருக்கிறோம். நீயும் மருமகள் அஞ்சலினும் பேரன் குட்டி நிலனும் அந்தப் பீனிக்ஸ் வெயில் ஊரில் காய்ச்சல் தலையிடி ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்க அம்மா எதற்குத் தாள் எடுத்து எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கோப்பை கழுவுகிறவன், நான் கதைப்பது வீடு முழுக்கக் கேட்கும், இது அப்படிச் சொல்லக்கூடிய விசயம் இல்லை. எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்தும் விட்டேன். அதனால் முக்கியமானதை முதலில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் ஊர்ப் புதினமாக எழுதியே கடிதத்தை முடித்துவிடுவேன். அஞ்சலின் என்னோடு மரியாதை இல்லாமல் கதைத்தாள் என்று நான் உனக்குச் சொன்னது பொய். அவள் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உடனே போனை எடுக்காதே, முழுக்க வாசி. அப்பா பென்சன் எடுத்ததற்குப் பரிசாகத்தான் அந்தப் பயணம் என்று அஞ்சலின் தொடங்கியபோது இந்த மனிசன் எப்படிச் சந்தோசப்பட்டார் என்று உனக்கு முழுக்கத் தெரியாது. இவ்வளவு காலம் சாமான் கிடங்கில் பெட்டி தூக்கினவர், டிவியில் அந்தச் சிவப்புப் பாறைகளைப் போட்டுப் போட்டுப் பார்த்து ஒவ்வொன்றின் பெயரையும் பாடமாக்கி வைத்திருந்தார். அகலமான தொப்பி ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு ஓர்லிகோனில் உன் சின்னம்மா வீட்டுக்கும் போய் அவர்களின் பகிடியையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஏன் இந்தக் காஞ்ச ஊரைப் பாக்க இப்பிடி அந்தரப்படுறியள் என்று கேட்டேன். இஞ்சை எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து மறிச்சுக்கொண்டு நிக்குது, ஒருக்கா கண்ணெட்டுற தூரத்துக்கு வெறுமையாக் கிடக்கிற நிலத்தைப் பாக்கவேணும் இமெல்டா என்றார். நீ பயணத்தை நிற்பாட்டிவிட்டேன் என்று சொன்ன பிறகு, பரவாயில்லை, பிள்ளைக்கு லீவு இல்லையாக்கும் என்றார். இப்போது டிவியில் செய்தி மட்டும் பார்க்கிறார்.

அந்தப் பிள்ளை எவ்வளவு ஆசையாகத் திட்டம் போட்டாள். பீனிக்ஸில் இருந்து வெளிக்கிட்டு பெரிய பள்ளத்தாக்கு, அங்கிருந்து அப்பாவின் சிவப்புப் பாறைகள் நிற்கிற மொனுமென்ட் வெலி, திரும்பி வர வேறு பாதை என்று படம் காட்டி விளங்கப்படுத்தினாள். நான் முதலில் ஓகஸ்ட்டில் மரியஸ்டைன் மாதா கோயில் யாத்திரை வருகிறது, நேர்த்தி வைத்திருக்கிறேன், விடமுடியாது என்றேன். நேர்த்தியும் இல்லை ஒன்றும் இல்லை. மாதாவின் பெயரில் பொய் சொன்ன எனக்கு நாக்கு கூசவில்லை. அவள் உடனே யூலைக்கு மாற்றினாள். வெயில் தாங்கமாட்டேன் என்றேன், உயரமான குளிர்ந்த இடமாகப் பார்த்து அறை எடுத்தாள். முழங்கால் நோ என்றேன், ஏறி இறங்கச் சுகமான வாடகை வான் ஒன்றாகப் பார்த்தாள். நான் ஒவ்வொரு கதவாகச் சாத்தச் சாத்த அவள் திறந்துகொண்டே வந்தாள். கடைசியாகக் கதைத்த அன்று, மாமி, அங்கை நிறையத் தண்ணி குடிக்கவேணும், நான் பாத்துக்கொண்டே இருப்பன், ஏமாத்த ஏலாது என்று சிரித்தாள். பிறகு அந்த நீளமான றோட்டைக் காட்டி, இதிலை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு கடையும் இல்லை, ஒரு மரம்கூட இல்லை மாமி, அவ்வளவு வடிவு என்றாள். அந்த ஒரு மரம்கூட இல்லை என்ற சொல்லோடு, அடுப்பிலை கறி கிடக்கு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் உனக்குத் தனியாக எடுத்து அந்தப் பொய்யைச் சொன்னேன்.

காரணத்தை எழுதிவிடுகிறேன். எனக்குச் சிறுநீர் அடங்குவதில்லை மகன். ஒரு வருசத்துக்கு மேலாகிறது. முதலில் தும்மினால், சிரித்தால் கொஞ்சம் என்று இருந்தது, இப்போது அவசரம் வந்தால் கதவைத் திறக்கும் நேரம்கூடத் தருவதில்லை. ஈஸ்டர் முடிந்து ஊஸ்டர் ஊரில் மிதுன் பிள்ளை முதன்முதல் நன்மை எடுத்த கொண்டாட்டத்துக்குப் போனோம் அல்லவா, திரும்பி வரும் ரயிலில் கழிப்பறைக்குள் ஆள் இருந்தது, நான் வெளியே கதவோடு நின்றேன், நின்றபடியே எல்லாம் போய்விட்டது. கூறைச் சீலைக்குப் பிறகு நான் வாங்கிய நல்ல சீலையைத்தான் அன்று கட்டியிருந்தேன். எதிரில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், என் வெட்கத்தை மறைக்கத்தான் திருப்பினாள் என்று எனக்கு விளங்கியது, அதுதான் கூட நொந்தது. அப்பாவிடம் தண்ணீர்ப் போத்தல் திறந்து ஊற்றிவிட்டது என்றேன். அவர் பாவம், அடுத்த கிழமை மூடி இறுக்கமான போத்தலாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்து தந்தார்.

என் வாய் எப்படி என்று உனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை யாத்திரை பஸ்ஸை ஒன்றுக்குப் போக நிற்பாட்டச் சொன்ன தெரேசா அக்காவை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்துறா என்று எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தவள் நான். அப்படிப்பட்டவளின் கதையை மற்றவர்கள் சும்மா விடுவார்களா என்ற பயம். சிறுநீர் உறிஞ்சுகிற பாட் வாங்க ஓல்டன் கடைகளுக்குப் போவதில்லை, அங்கே காசு எடுக்கும் இடத்தில் எங்கள் கோயில் பங்குப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று ஆராவுக்கு ரயிலேறிப் போய் வாங்கி, மேலே இரண்டு கட்டு லீக்ஸ் வைத்து மூடிக்கொண்டு வருகிறேன். டொக்டரிடமும் போகவில்லை, அவரின் வரவேற்பில் இருப்பது கோயிலில் பாடுகிற லக்சாயினி. பெரிய வெட்கக்கேடு எது என்றால் என்னுடைய வேலைதான். முதியோர் இல்லத்தில் காலையில் இருந்து அந்த மனிசருக்குப் பாட் மாற்றுகிறேன். பூர்கி அம்மா என்று ஒருவர், முதல் நாள் மாற்றும்போது முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் வருவதுதான் என்று ஜேர்மனில் சொல்லிக் கையைப் பிடித்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னேன். எனக்கு என்று வந்தபோது அதில் ஒரு சொல்லையும் என்னால் நம்ப முடியவில்லை.

உடம்புக்கு வருத்தம் வந்தது என் குற்றம் இல்லை, அதை மறைக்க உன் பெண்சாதியைக் குற்றவாளியாக்கினது என் குற்றம். நீ அவளோடு சண்டை பிடித்து அறைகளை எல்லாம் ரத்துச் செய்த மறுநாள் எனக்கு அவள் ஒரு மெசேஜ் போட்டாள். மாமி, நான் எங்கை பிழையாக் கதைச்சனான் எண்டு யோசிச்சுப் பாத்தும் விளங்கேல்லை, ஆனா உங்கடை மனம் நொந்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று. செய்யாத பிழைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அதை வாசித்தேன், வாசித்தது அவளுக்கும் தெரியும், பதில் போடவில்லை. அதற்குப் பிறகு நீ வீடியோவில் எடுக்கும்போதெல்லாம் நிலனைத் தூக்கித் தருகிற கை மட்டும் தெரிகிறது, அவளின் முகம் தெரிவதில்லை. போன ஞாயிறு நீ சொன்னாய், நீங்கள் சொன்னது சரிதான் அம்மா, அவளுக்குத் தான் நினைச்சதுதான் நடக்கவேணும் என்று. யாரோ பிறத்தியாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய். அவளும் பக்கத்து அறையில்தானே இருந்திருப்பாள். நான் போட்ட பொய் உன் வாயில் உண்மையாகி வந்தது.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். போத்தல் கதையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், இதையோ நீர் என்னட்டை மறைச்சனீர், நான் உமக்கு ஆர் என்றார். கோபித்துக்கொண்டு எழும்பிப் போனவர் திரும்பி வந்து, என்னை விடும், அந்தப் பிள்ளையை எல்லோ அழப்பண்ணிப் போட்டீர் என்றார். அதுவரை பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடமும், பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லி, என்ன பொய் என்று சொல்லாமல் அரைகுறையாக எழும்பி வந்தவள்தான். டொக்டருக்கும் வெள்ளிக்கிழமை போன் எடுத்துவிட்டேன். லக்சாயினிதான் எடுத்தாள், அவளின் குரலைக் கேட்டதும் வைத்துவிடத்தான் நினைத்தேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை, ஜேர்மனில் சொன்னேன், அவளும் ஜேர்மனிலேயே கேட்டு நேரம் தந்துவிட்டுக் கடைசியில் மட்டும், பயப்பிடாதேங்கோ அன்ரி, இதுக்கு மருந்து இருக்கு என்றாள். வருகிற கிழமை போகிறேன்.

இன்று பூசை முடிந்து வந்து அஞ்சலினின் மெசேஜுக்குப் பதில் போட்டேன். நீ ஒரு பிழையும் செய்யேல்லைப் பிள்ளை, நான்தான் பொய் சொன்னனான், ஏனெண்டு றொபினுக்குக் கடிதம் எழுதுறன் என்று. நீயும் அவளிடம் மன்னிப்புக் கேள். அம்மா சொன்னதால்தான் நம்பினேன் என்று என்னைக் காட்டித் தப்பாதே, பக்கத்தில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உடனே திரும்பவும் அறை தேடு, வான் தேடு என்று அவளை அலைக்கழிக்காதே. பயணம் போவதா இல்லையா என்று அவள் சொல்லட்டும். என்னோடு வரப் பிடிக்கவில்லை என்றால் அதையும் நான் கேட்கத்தான் வேண்டும், அப்பாவை மட்டுமாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நீயும் வேலை வேலை என்று இராமல் நேரத்துக்குச் சாப்பிடு, பின்னேரத்தில் நிலனை நீ கொஞ்சம் பார்த்துக்கொள், அவளும் மூச்சு விட வேண்டும்.

உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் தம் கையில் வைத்துக் காக்கட்டும். நிலன் படுக்கும்போது என் பெயரைச் சொல்லி அவனின் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுவிடு, அஞ்சலினின் நெற்றியிலும் போடு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை வாசித்த பிறகு அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்து, அம்மாவுக்கு ஏதோ சுகமில்லையாம் என்று நீ சுருக்கிச் சொல்லப் பார்ப்பாய். அப்படிச் செய்யாதே. தாளை அப்படியே அவளின் கையில் கொடு, ரயிலில் நடந்ததையும் அவள் வாசிக்கட்டும். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் நான் இவ்வளவும் செய்தேன்.

என்றும் உன்
அம்மா
இமெல்டா