டாக்டர் சொல்வாங்க

அன்பு வாலுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் கவலை. நேற்று போனை வைத்தவள் நீ அப்புறம் எடுக்கவே இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய ஸ்கேன் வீடியோவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "பாப்பா இதயத்துல ஏதோ வித்தியாசமா இருக்குங்கறாங்கம்மா, நீ பாக்காத ஸ்கேனா, ஒண்ணுமில்லதானே?" என்று கேட்டாய். என் வாயில் தானாக வந்தது, "டாக்டர் சொல்வாங்கம்மா." பாழாய்ப்போன வாய். ஸ்கேன் அறையில் இத்தனை வருஷம் பழகிய பேச்சு. எல்லாம் சரியாக இருந்தால் "குழந்தை நல்லா ஆடுது" என்போம், இல்லையென்றால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இதைச் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போவோம். சின்ன வயதில் சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நீ இதையே சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாய். உனக்கா புரியாது?

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. இதயத்தின் இடது பக்கத்து அறை வளராமல் நின்றுவிட்ட மாதிரி தெரிகிறது, அதிலிருந்து உடம்புக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நூலாக இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை பிள்ளைக்குக் கஷ்டமில்லை, பிறந்த பிறகுதான். போனில் பார்த்த என் கண் தப்பாக இருக்கட்டும் என்று கும்பிடாத நேரமில்லை. குழந்தைகள் இதய டாக்டர் மறுபடி பார்க்கட்டும். ஒரு ஆபரேஷனோடு முடியாது என்பார்கள், வேண்டாம் என்று விடுகிறவர்களும் உண்டு. நீங்கள் இருவரும் எதை முடிவு செய்தாலும் ஏன் என்று நான் கேட்க மாட்டேன், யாரையும் கேட்க விடவும் மாட்டேன். நீ செய்த எதனாலும் இது வரவில்லையடி, மாடி ஏறினேன் காப்பி குடித்தேன் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. தொட்டிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த அப்பா, விஷயம் தெரிந்ததும் பிரஷ்ஷைக் கழுவாமலே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

டிக்கெட் போட்டாயிற்று, வருகிறேன். அடுத்த ஸ்கேனுக்குத் தனியாகப் போகாதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். இன்று காலை அந்த வீடியோவை மறுபடி போட்டு, இதயம் வரும் இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கடைசியில் காலைத் தூக்கி ஓர் உதை விடுகிறது பார், அப்படியே நீதான். நேற்று அதையும் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை நல்லா ஆடுதுடி.

உன் அம்மா