வியாழக்கிழமை வருகையை ஏஐ உதவியாளர் தானாக நிறுத்தியது குறித்து

அனுப்புநர்:
ஆ. செண்பகவல்லி (வயது 78),
க/பெ. காலஞ்சென்ற ஆறுமுகச்சாமி,
மேலத் தெரு, சங்கரன்கோவில்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
முதியோருக்கான வீடு தேடிச் சேவைத் திட்டம்,
சங்கரன்கோவில்.

பொருள்: நிறுத்தப்பட்ட செவிலியர் வருகையை மீண்டும் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வியாழக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த செவிலியர் பொன்மணியை நான் விரட்டிவிட்டதாகத் தெருவில் பேசப்படுகிறது. “படிச்ச திமிரு, நர்ஸம்மாவையும் நிறுத்திட்டாக” என்று எதிர்வீட்டுக் கோமதித்தாய் என் காதுபடவே சொன்னார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னது உண்மை. விரட்டியது பொய்.

2. தங்கள் திட்டத்தின் ஏஐ உதவியாளர் தினமும் காலையில் தொலைபேசியில் என் நலம் விசாரிக்கிறது. சென்ற மாதம் ஒருநாள், செவிலியர் தொடர்ந்து வரவேண்டுமா என்று கேட்டது. “வேண்டாம்மா, அந்தப் பிள்ளைக்கு எதுக்கு வீண் அலைச்சல்” என்றேன். நம் ஊரில் முதல் தடவை கேட்டதுமே வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. மறுபடி கேட்பார்கள், அப்போது சரி என்போம். அது மறுபடி கேட்கவில்லை. நன்றி கூறி வருகையை ரத்து செய்து, பொன்மணியின் வியாழக்கிழமையைக் குருவிகுளம் பக்கம் ஒதுக்கிவிட்டது. இதை எனக்குத் தெரிவிக்கவில்லை. அவரையும் கேட்கவில்லை.

3. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். புதிதாகச் சேர்ந்த செவிலியரிடம் ஒருமுறை என் முன்பாகவே சொன்னார்: “ஆச்சி வேண்டாம்னுதான் சொல்லுவாக. நீ பாட்டுக்கு உக்காந்து கையை நீட்டச் சொல்லு.” அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரிதான்.

4. எனக்கு இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் இரண்டு டம்ளர் காபி போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டாவதில் சீனி அதிகம், எனக்கு ஆகாது. கொட்டிவிடுகிறேன்.

5. ஏஐ மீது எனக்கு வேறு குறை இல்லை. மரியாதையாகப் பேசுகிறது, பேச்சை இடையில் வெட்டுவதில்லை. அந்த அழைப்பை நிறுத்திவிட வேண்டாம். காலையில் இந்த வீட்டில் கேட்கும் முதல் குரல் அதுதான். சில நாட்களில் கடைசிக் குரலும் அதுதான். ஆனால் ஒரு சேவையை நிறுத்துமுன் அது இன்னொரு தடவை கேட்கட்டும். எங்களை நேரில் அறிந்த செவிலியரையும் கேட்கட்டும். அதன் முடிவை அலுவலர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தரட்டும்.

6. குருவிகுளத்தாருக்குக் கிடைத்ததைப் பறித்துத் தருமாறு கேட்கவில்லை. எந்தக் கிழமையானாலும் சரி, பொன்மணியை அனுப்ப ஆவன செய்ய வேண்டுகிறேன். பதிலைத் தயவுசெய்து எழுத்து மூலம் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டால், பரவாயில்லை என்றுதான் சொல்லிவிடுவேன்.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
ஆ. செண்பகவல்லி
(கையொப்பம்)