குறிக்காமல் விட்ட வெள்ளைத் திட்டு

இல்லை, அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை.

காலையில் அண்ணா, உன் வீட்டுக்காரர், போனில் ஒரு படம் அனுப்பினார். ஷூ பெட்டியின் மூடி. அதற்குள் நெருக்கமாக டீக்கடைக் காகிதக் கப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று, நான்கு நான்கு இலைகள். படத்தின் ஓரத்தில் உன் மகளின் கட்டைவிரல். கூடவே அவர் குரல்: "ஞாயித்துக்கெழமை மண்ணுல வெச்சிடலாம்னு பாப்பா சொல்றா. நீயும் வாம்மா." அந்தக் குரலில் இவ்வளவு தெம்பைக் கேட்டு வெகு நாளாகிறது. நீ போய் இருபத்து மூன்று நாள்.

நான் அப்போது வேலையில் இருந்தேன். ராணிப்பேட்டையில், தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் வந்து சேரும் நிலையத்தின் ஆய்வகம். கையில் ஒரு பாட்டில். அதை மேசையில் வைத்துவிட்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கப்பின் விளிம்பில் தேங்காய் நார்த்தூள் ஈரமாக ஒட்டியிருந்தது. அந்த வாசனைகூட வந்த மாதிரி இருந்தது, ஷூ பெட்டியின் பசை வாசனையோடு. உடனே உன் குரல். தினமும் வருவதுதான். சொன்னியாடி?

சொல்லவில்லை. உன்னிடமே சொல்லாததை.

ஆனி மாதம். வேலூர் மருத்துவமனையில் மூன்றாம் முறை கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு நீ ஆம்பூர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் உள்ளே வந்தபோது கூடத்தில் பிரவுன் பேப்பர் விரித்துக் குப்புறப் படுத்திருந்தாய். தலையில் துண்டு. பேப்பரில் உன் வீட்டுக் கொல்லை, பத்தடிக்குப் பதினாலு.

பன்னிரண்டு வருடம் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். உனக்கு வேறு மாதிரி திட்டம் போடத் தெரியாது. தக்காளிக்கு ஆறு அட்டை வெட்டியிருந்தாய், கத்தரிக்குச் சில, மிளகாய்க்குச் சின்னதாகச் சில. செடி முழுதாக வளர்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. வெண்டையை வீட்டுக்குள் முளைக்கவிட வேண்டாம், நேரே மண்ணில் ஊன்றலாம் என்று அதற்கு ஓரமாக ஒரு கோடு. தோலின்மேல் அட்டைகளை நகர்த்துவதுபோல் நகர்த்திக்கொண்டிருந்தாய். இடிக்கக் கூடாது, துண்டு வீணாகவும் கூடாது.

நானும் ஒரு அட்டையை எடுத்து நடுவில் வைத்தேன். கையைத் தட்டிவிட்டாய்.

"முதல்ல டேமேஜைப் பாரு. அட்டைய அப்புறம் வை."

புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நீ சொல்வது. தோலில் உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, எல்லாவற்றையும் முதலில் வட்டம் போட்டுவிட வேண்டும். பிறகுதான் வெட்டு. பேப்பரிலும் வட்டம் போட்டாய். பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலுக்கு ஒன்று. சாக்கடை மூடிக்கு ஒன்று. பூனை படுக்கும் மூலைக்கு ஒன்று. போர்வெல் குழாய் அருகே வந்ததும் பேனா நின்றது. அங்கே தண்ணீர் காய்ந்தால் தரையில் ஒரு வெள்ளைத் திட்டு நிற்கும்.

"அது உப்புதானே?"

"ஆமா."

"ஜாஸ்தியா?"

என் பைக்குள் அந்தச் சோதனைத் தாள் இருந்தது. இரண்டு வாரம் முன்பு நீதான் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் போர்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாய், செடிக்கு ஆகுமா பார் என்று. மூன்று முறை சோதித்தேன். தக்காளி இலை ஓரம் கருகி, சில வாரங்களில் படுத்துவிடும் அளவு உப்பு. தோல் பதனிடப் போடும் குரோமியமும் இருக்கக் கூடாத அளவில். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடிக்கக் கேன், சமைக்கக் கேன். ஆனால் பொதுவாகத் தெரிந்திருப்பது வேறு, உன் வீட்டுப் பாட்டிலிலிருந்து எண்ணாக வருவது வேறு.

"கம்மிதான்டி. மழை வந்தா போய்டும்."

நம்பினாய். பேனாவை மூடினாய். குழாயை ஒட்டியே, தண்ணீர் விடச் சுலபம் என்று, தக்காளி அட்டைகள் ஆறையும் வரிசையாக வைத்தாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் கையால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாய். சொன்னது நான். ப்ளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. நீ கம்பெனி பஸ் ஏறினாய், நான் எம்.எஸ்சி. போனேன். அன்றிலிருந்து நான் உனக்குத் தண்ணி டாக்டர்.

உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் மறைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது அரை உண்மை. நான் பயந்தது உன் அடுத்த கேள்விக்கு. எனக்கு வந்தது இதனாலயா? ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. படித்த படிப்பில் அதற்கு ஒரு வரி இல்லை. தெரியாது என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. கம்மிதான் என்பது சுலபமாக வந்தது.

அடுத்த வாரம் விதை போட்டோம். வெளியே வைத்தால் அணில் கிளறும், வெயில் சுடும் என்று கூடத்திலேயே, ஜன்னலுக்குக் கீழே. கப்பின் அடியில் ஊசியால் ஓட்டை. நார்த்தூள், கொஞ்சம் மண்புழு உரம். நான் விரலை முழுதாகக் குத்தி ஒரு தக்காளி விதையை இறக்கினேன்.

"எம்மெஸ்சி, இது விதைடி. பொணம் இல்ல. மேலாக்க வை."

இருவரும் சிரித்தோம். உனக்கு இருமல் வந்துவிட்டது. அண்ணா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கப்புகளுக்குக் கேன் தண்ணீரைத் தெளித்தேன். குழாய் பக்கத்தில்தானே, ஏன் கேனைக் காலி பண்ற என்றாய். முளைக்கும்வரை இதுதான் நல்லது என்றேன். மறுபடியும் நம்பினாய். முளை வெளிச்சத்தின் பக்கம் சாயும், தினம் பெட்டி மூடியைத் திருப்பி வைக்க வேண்டும் என்று பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாய். முதல் முளை வந்த அன்று நீ வேலூரில் படுக்கையில் இருந்தாய். படத்தைக் காட்டினோம். உதடு அசைந்தது. என்ன சொன்னாய் என்று தெரியவில்லை.

அவள் தினமும் திருப்புகிறாள். கேன் தண்ணீரில் நாற்றுகள் நன்றாகவே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொல்லை மண்ணுக்குப் போகும். நீ வைத்த இடத்தில், குழாயடியில். கருகும். அவள் அதைப் பார்ப்பாள். கருகாமல் காய்த்தால் இன்னும் மோசம். சாப்பிடுவாள்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் முதலில் பழுதைத் தேடுகிறேன். கடையில் பை, வாடகைக்கு வீடு, மனிதர்கள்கூட. இதை எழுதும்போது அது என் பக்கம் திரும்பிவிட்டது. வட்டம் போட வேண்டிய இடத்தை மறைத்தவள் நான். அதற்கு மேல் ஒரு குடும்பம் தன் ஞாயிற்றுக்கிழமையை அடுக்கி வைத்திருக்கிறது.

இங்கே எழுதுவதை நிறுத்தினேன்; மீதி திரும்பி வந்த பிறகு எழுதியது. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆம்பூர் பஸ் ஏறினேன்.

அண்ணா கொல்லையைப் பாதி கொத்தி முடித்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"கேட்டாண்ணா. நான்தான் கம்மின்னு சொல்லிட்டேன்."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். பிறகு நான் பயந்த அந்தக் கேள்வியை அவர் கேட்டார், மெதுவாக, பாப்பாவுக்குக் கேட்காதபடி. தெரியாது என்றேன். யாருக்கும் தெரியாது என்றேன். அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொல்லை மண்ணில் உப்பு, வாளியில் வைக்கலாம் என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் மாடிப்படிக்கு அடியிலிருந்து மூன்று பழைய பெயின்ட் வாளிகளை இழுத்து வந்தாள். வெளி மண் வாங்கிப் போட்டு, கேன் தண்ணீர் ஊற்றினால் ஆறு செடி வைக்கலாம். நாற்று இருபத்திரண்டு இருக்கிறது. எந்த ஆறு என்று அவள் கேட்டாள். நீயே பார்த்து எடு என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒரு ஆணியைச் சுடவைத்து, வாளிகளின் அடியில் ஓட்டை போட்டேன்.